குப்பைமேட்டில் மரம் நட்ட 'பறவை மனிதர்': சாலிம் அலி மும்பைக்குக் கற்றுக்கொடுத்தது என்ன?

மும்பையின் தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றின் கரையில் 37 ஏக்கரில் ஒரு காடு இருக்கிறது. ஒரு பக்கம் நெருக்கியடித்த தகரக் கூரைகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்கள். நடுவில் மரங்கள், பட்டாம்பூச்சிகள், பறவைகள். அவற்றைப் பார்க்க வரிசையில் வரும் பள்ளிப் பிள்ளைகள்.

இதன் பெயர் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. 1970-களில் இந்தப் பக்கம் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போயிருப்பார்கள். ஏனென்றால், அப்போது இது மாநகரத்தின் குப்பையைக் கொட்டும் இடம்.

குப்பை கொட்டுவது நின்ற பிறகு, இங்கே ஒரு காட்டை உருவாக்கலாம் என்ற யோசனை வந்தது. 1983-ல் மரம் நடும் வேலை தொடங்கியபோது முதல் கன்றை நட வந்தவர், எண்பது வயதைத் தாண்டிய ஒல்லியான ஒரு பெரியவர். உலகமே 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று அழைத்த சாலிம் அலி.

பரத்பூர், சைலன்ட் வேலி என்று பெரிய பெரிய காடுகளோடு சேர்த்துத்தான் அவர் பெயரைச் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்கு ஒரு நகரத்துக் குப்பைமேட்டில் என்ன வேலை? அதைப் புரிந்துகொள்ள, அவருடைய கதையை ஒரு சிட்டுக்குருவியிலிருந்து தொடங்க வேண்டும்.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

1896 நவம்பர் 12-ம் தேதி பம்பாயில் பிறந்தவர் சாலிம் அலி. வீட்டில் கடைக்குட்டி. ஒரு வயதில் அப்பாவை இழந்தார், மூன்று வயதில் அம்மாவை இழந்தார். அம்மாவின் சகோதரர் அமிருதீன் தயாப்ஜியும் அவருடைய மனைவி ஹமீதா பேகமும்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள். பம்பாயின் கேத்வாடி பகுதியில் வீடு. பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம்.

மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் விளையாட ஒரு சின்ன ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு யாராவது பத்து வயசுப் பையன் கையில் அப்படி ஒன்றைக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். அன்றைக்கு அது சாதாரண விஷயம். சாலிமும் சிட்டுக்குருவிகளைச் சுட்டுப் பழகினார்.

ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவி வழக்கமானதுபோல இல்லை. அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு. இதைச் சாப்பிடலாமா கூடாதா என்று பையனுக்குச் சந்தேகம். மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். மாமாவுக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. ஆனால், தெரிந்தவர் ஒருவர் இருக்கும் இடம் அவருக்குத் தெரியும். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ.எஸ். மில்லார்டைப் பார்க்கச் சொன்னார்.

இழுப்பறைகளைத் திறந்து காட்டிய வெள்ளைக்காரர்

இந்தக் கழகம் 1883-ல் தொடங்கப்பட்டது. ஆரம்பித்த எட்டுப் பேரில் இருவர் இந்தியர்கள். தாங்கள் பார்த்த விலங்குகள், பறவைகள் பற்றிப் பேசிக்கொள்ளவும் சேகரித்தவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடிய கூட்டம் அது. சில ஆண்டுகளில் ஒரு மதுபான நிறுவனத்தின் கட்டடத்தில் அதற்கு இடம் கிடைத்தது. மில்லார்டு அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்தான். வில்லியம் என்று பெயர் வைத்து அவர்கள் வளர்த்த இருவாச்சி ஒன்றும் அங்கேயே பல ஆண்டுகள் வாழ்ந்தது. கழகத்தின் சின்னத்தில் இன்றும் இருவாச்சிதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் இப்படியான இடங்களுக்கு இந்தியர்கள் அதிகம் போவதில்லை. அதுவும் ஒரு சின்னப் பையன், கையில் செத்த குருவியோடு! பயந்துகொண்டேதான் சாலிம் உள்ளே போனார்.

ஆனால் மில்லார்டு விரட்டவில்லை. குருவியைப் பார்த்ததும் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விடாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் இருந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். நூற்றுக்கணக்கான பறவைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பிடித்த இடம், தேதி. படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். பறவையைப் பாடம் செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்.

அந்தப் பையனின் வாழ்க்கையை மாற்றியது அந்த ஒரு நாள் என்று சொன்னால் மிகையில்லை. பல ஆண்டுகள் கழித்து, 1985-ல் தன் சுயசரிதையை வெளியிட்டபோது அதற்கு அவர் வைத்த தலைப்பே ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி பற்றியதுதான்.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அந்த இழுப்பறைகளைப் பார்க்க சாலிமுக்கு ஒரு மாமா தேவைப்பட்டார். அந்த மாமாவிடம் ஒரு கடிதம் எழுதும் செல்வாக்கு இருந்தது. நகரத்தில் வாழ்ந்த மற்ற பிள்ளைகளுக்கு? அவர்களின் வீட்டுக் கூரையிலும் குருவி இருந்தது. ஆனால் பெயர் சொல்லித் தர யாரும் இல்லை.

பட்டம் இல்லை, வேலையும் இல்லை

படிப்பில் சாலிம் அலி ஒன்றும் புலி இல்லை. அடிக்கடி தலைவலி வந்து பள்ளியை விட வேண்டியிருந்தது. 1913-ல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். கல்லூரியில் சேர்ந்து, பாதியில் விட்டார்.

பிறகு பர்மாவின் தவோய்க்குப் போனார். அங்கே குடும்பத்துக்கு வுல்ஃப்ராம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. வியாபாரம் கைகொடுக்கவில்லை. சுற்றியிருந்த காடுகள் மட்டும் அவரை இழுத்தன. 1917-ல் பம்பாய் திரும்பினார். வணிகப் படிப்பு ஒரு பக்கம், புனித சேவியர் கல்லூரியில் விலங்கியல் வகுப்பு இன்னொரு பக்கம் என்று ஓடினார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தைத் திருமணம் செய்தார்.

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியல் வேலை ஒன்று வந்தது. அது சாலிம் அலிக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவரிடம் முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பறவைகள் பற்றி அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல ஒரு சான்றிதழ் இல்லை. அவ்வளவுதான்.

1926-ல் ஒரு கதவு திறந்தது. பம்பாயின் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் புதிதாக இயற்கை வரலாற்றுப் பிரிவு அமைத்திருந்தார்கள். இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலயா என்று அழைக்கப்படும் அதே கட்டடம்தான். அங்கே 'வழிகாட்டி விரிவுரையாளர்' வேலை. மாதச் சம்பளம் 350 ரூபாய்.

அங்கே வருகிறவர்களுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விலங்கு, பறவை ஒவ்வொன்றையும் காட்டி விளக்குவதுதான் வேலை. மில்லார்டு தனக்குச் செய்ததை, இப்போது சம்பளம் வாங்கிக்கொண்டு ஊருக்கே செய்தார் சாலிம் அலி. சிறப்பான காட்சிக்கூடம் அது. ஆனால் பாடம் செய்த பறவைகள் பறக்காது, பாடாது. இரண்டு ஆண்டுகளில் அவருக்குச் சலிப்பு வந்தது. முறையாகப் பறவையியல் கற்க விரும்பினார்.

1928-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனி போனார். பெர்லின் விலங்கியல் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் அவரைச் சேர்த்துக்கொண்டார். அன்றைய உலகின் முதல் வரிசைப் பறவையியலாளர்களில் ஒருவர் அவர். பட்டம் எங்கே என்று கேட்காமல் கற்றுக்கொடுத்த அவரைத்தான் தன் குரு என்று சாலிம் அலி கடைசிவரை மதித்தார்.

1930-ல் ஊர் திரும்பினால், அருங்காட்சியகத்தில் அந்த வேலையே இல்லை. பணப் பற்றாக்குறை என்று பணியிடத்தை ஒழித்துவிட்டார்கள். கையில் உலகத்தரமான பயிற்சி, பையில் காசு இல்லை.

கிஹிம் கிராமத்தில் கிடைத்த பதில்

நகரத்தில் செலவு கட்டுப்படியாகாது என்று, பம்பாய்த் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்கு இருவரும் போனார்கள். அங்கே தெஹ்மினா குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு இருந்தது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நம் ஊர் வயல்வெளிகளில் பனை ஓலையிலும் கிணற்றோரக் கிளைகளிலும் தொங்குமே, அதே கூடுதான். வேலையில்லாத மனிதருக்கு நேரம் நிறைய இருந்தது. ஏணி போட்டு, மறைவில் உட்கார்ந்து மாதக்கணக்கில் கூர்ந்து பார்த்தார்.

அவர் கண்டது இதுதான்: ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டு நிறுத்திவிடும். பெண் குருவிகள் வந்து வீடு பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சோதிக்கும். பிடித்திருந்தால் ஒரு பெண் குருவி குடியேறும். அதன் பிறகுதான் ஆண் மீதிக் கூட்டை முடிக்கும். அது முட்டையிட்டதும், ஆண் குருவி அடுத்த கூட்டைக் கட்டி அடுத்த துணையைத் தேடும்.

தூக்கணாங்குருவியின் இந்தக் குடும்ப வாழ்க்கையை இவ்வளவு விளக்கமாக அதற்கு முன்பு யாரும் பதிவு செய்திருக்கவில்லை. சாலிம் அலிக்கு அறிவியல் உலகில் பெயர் வாங்கித் தந்தது இந்த ஆய்வுதான். அரிய பறவை அல்ல, அடர்ந்த காடு அல்ல. வீட்டு வாசலில் எல்லோரும் பார்க்கும் ஒரு குருவி. பொறுமையாகப் பார்த்தால் பக்கத்து மரத்திலேயே புதிய உண்மை கிடைக்கும் என்பதை அவர் தன் வாழ்க்கையின் மோசமான காலத்தில் கண்டுகொண்டார்.

மாட்டு வண்டியில் ஒரு கணக்கெடுப்பு

அதன் பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி போன்ற சமஸ்தானங்களில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று முறையான கணக்கு இல்லை. சம்பளம் வேண்டாம், பயணச் செலவை மட்டும் கொடுத்தால் போதும், கணக்கெடுத்துத் தருகிறேன் என்று கேட்டார். சமஸ்தானங்கள் ஒப்புக்கொண்டன.

மாட்டு வண்டி, கூடாரம், கொசு, மலேரியா. எல்லாவற்றிலும் தெஹ்மினா கூடவே இருந்தார். இங்கிலாந்தில் படித்தவர். வசதியான வாழ்க்கைக்குப் பழகியவர். முகாம்களை நிர்வகித்தது மட்டுமல்ல, கணவரின் எழுத்தைச் செம்மையாக்கியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

1939-ல் ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தெஹ்மினா இறந்தார். சாலிம் அலிக்கு அப்போது 42 வயது. பிள்ளைகள் இல்லை. மறுமணம் செய்யவில்லை. பாந்த்ராவின் பாலி ஹில் பகுதியில் தன் சகோதரி கமூவின் வீட்டில் தங்கிக்கொண்டார். அடுத்த கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகளுக்கு, காட்டிலிருந்து அவர் திரும்பி வந்த வீடு அதுதான்.

காகத்தை அளவுகோல் ஆக்கிய புத்தகம்

தெஹ்மினா இறந்து இரண்டு ஆண்டுகளில், 1941-ல் 'இந்தியப் பறவைகள் புத்தகம்' வெளிவந்தது. சாலிம் அலியின் பெயரை வீடுகளுக்குள் கொண்டுபோனது இந்தப் புத்தகம்தான்.

அதற்கு முன்பும் இந்தியப் பறவைகள் பற்றி நூல்கள் இருந்தன. ஆனால் கனமானவை, பெரும்பாலும் ஏற்கெனவே விஷயம் தெரிந்தவர்களுக்கானவை. சாலிம் அலியின் புத்தகத்தில் வண்ணப் படங்கள் இருந்தன. பறவையைக் கையில் பிடித்துப் பார்க்காமல், தூரத்திலிருந்தே எப்படி அடையாளம் காண்பது என்று சொன்னது.

ஒரு பறவை எவ்வளவு பெரியது என்று எப்படிச் சொல்வது? அங்குலக் கணக்கு சொன்னால் மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பறவையை யார் அளப்பது? சாலிம் அலியின் புத்தகங்களில் சிட்டுக்குருவி, புல்புல், மைனா, புறா, காகம், பருந்து இவைதான் அளவுகோல். புதுப் பறவை மைனாவைவிடப் பெரியதா, காகத்தைவிடச் சிறியதா என்று பார்த்தால் போதும்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். காகமும் மைனாவும் சிட்டுக்குருவியும் எந்த நகரத்துப் பிள்ளைக்கும் தெரியும். சாளில் வாழ்ந்தாலும் சரி, பங்களாவில் வாழ்ந்தாலும் சரி. அதாவது, பறவைகளைத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் பாடத்தை எல்லோரும் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். மாமாவின் கடிதம் இனி தேவையில்லை.

ஜவஹர்லால் நேரு தன் மகள் இந்திராவுக்குக் கொடுத்த புத்தகங்களில் இதுவும் ஒன்று. பல பதிப்புகள் கண்டு இன்றும் விற்பனையாகிறது.

புத்தகத்தோடு அவர் நிற்கவில்லை. வானொலியில் பறவைகள் பற்றிப் பேசினார். எழுத்தாளர் லயீக் ஃபதேஹலியோடு சேர்ந்து, நம்மைச் சுற்றியுள்ள சாதாரணப் பறவைகள் பற்றி ஓர் எளிய நூல் எழுதினார். நேஷனல் புக் டிரஸ்ட் 1967-ல் அதை வெளியிட்டது. அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளேயோடு சேர்ந்து பத்துத் தொகுதிகள் கொண்ட பெரிய கையேட்டையும் 1968 முதல் 1974 வரை கொண்டுவந்தார். அறிஞர்களுக்கான அந்தக் கையேட்டிலும் தமிழ் உட்பட உள்ளூர் மொழிகளில் பறவைகளுக்கு இருந்த பெயர்களைச் சேர்த்தார்கள்.

மூடும் நிலைக்குப் போன கழகம்

நாடு விடுதலை அடைந்த காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பணமில்லாமல் தள்ளாடியது. வெள்ளைக்கார உறுப்பினர்கள் பலர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். சாலிம் அலி பிரதமர் நேருவுக்கு எழுதி உதவி பெற்றுத் தந்தார். ஒரு காலத்தில் பயந்துகொண்டே நுழைந்த இடத்தைக் காப்பாற்றியவர் அவரே.

அதன் பிறகு கழகத்தின் முகமும் மாறியது. ஆய்வாளர்கள் உருவானார்கள். வலசைப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகின்றன என்று அறிய, அவற்றைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடும் பெரிய திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டின் கோடியக்கரையும் அந்தத் திட்டத்தின் முக்கியமான களம். வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களில் இறங்கும் பறவைகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்திருக்கும் பலவற்றுக்கு அந்தப் பணிதான் அடிப்படை.

1976-ல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. அதே காலத்தில் பெரிய தொகை கொண்ட கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசும் வந்தது. அந்தப் பணத்தைத் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. இயற்கைப் பாதுகாப்புக்கான நிதி ஒன்றைத் தொடங்கக் கழகத்துக்கே கொடுத்தார்.

பரத்பூரில் நடந்த தவறு

சாலிம் அலியின் கதையைப் புகழ்ச்சியாக மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

ராஜஸ்தானின் பரத்பூர் ஒரு காலத்தில் மன்னரின் வாத்து வேட்டைக் களம். 1938 நவம்பர் 12-ம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் அங்கே 4,273 பறவைகள் சுடப்பட்டன. அன்று சாலிம் அலிக்குப் பிறந்தநாள் என்பது தற்செயல். விடுதலைக்குப் பிறகு அந்த நீர்நிலையை வயல்களாக மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதைக் காப்பாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் அங்கே சுற்றுவட்டாரக் கிராமத்தினர் காலம் காலமாக எருமை மேய்த்து வந்தார்கள். மேய்ச்சல் பறவைகளுக்குக் கெடுதல், அதைத் தடுக்க வேண்டும் என்பது சாலிம் அலி உள்ளிட்ட நிபுணர்களின் கருத்து. தேசியப் பூங்கா ஆனதும் 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கிராமத்தினர் உயிரிழந்தார்கள்.

அதோடு முடியவில்லை. எருமைகள் போனதும் நீர்நிலையில் புல் மண்டியது. திறந்த நீர்ப்பரப்பு குறைந்தது. வாத்துகளுக்கு இறங்க இடம் சுருங்கியது. அந்தப் புல்லை இத்தனை ஆண்டுகளாகக் கட்டுக்குள் வைத்திருந்தவை எருமைகள்தான் என்று தெரியவந்தது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது யார் தெரியுமா? சாலிம் அலி வளர்த்த அதே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்தான். வி.எஸ். விஜயன் தலைமையில் பத்து ஆண்டுகள் நடந்த ஆய்வு, மேய்ச்சல் தடை அந்த இடத்துக்கு நல்லது செய்யவில்லை என்ற முடிவுக்கு வந்தது. ஆசான் நம்பியதை மாணவர்கள் சோதித்துப் பார்த்து, தவறு என்று எழுதினார்கள்.

ஓர் இடத்தில் வாழும் மக்களை வெளியே தள்ளிவிட்டு அங்குள்ள உயிர்களைக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியை இந்தியாவில் பலரும் கேட்கத் தொடங்கியதற்குப் பரத்பூரும் ஒரு காரணம். அந்தப் பாடத்துக்கு மனித உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன என்பதை மறக்க முடியாது.

வேறு சில இடங்களில் கதை வேறு மாதிரி முடிந்தது. கேரளாவின் சைலன்ட் வேலியில் அணை கட்டக்கூடாது என்று குரல் கொடுத்தவர்களில் சாலிம் அலியும் ஒருவர். அங்கே அவரோடு பள்ளி ஆசிரியர்களும் கவிஞர்களும் அறிவியல் இயக்கத்தினரும் நின்றார்கள். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

நகரத்துக்குள் ஒரு காடு

மீண்டும் மும்பைக்கு வருவோம். 1983 கழகத்துக்கு நூற்றாண்டு. அந்த நேரத்தில் கோரேகாவ் பகுதியில், இன்றைய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டி 33 ஏக்கர் நிலத்தை மகாராஷ்டிர அரசு கழகத்துக்குக் கொடுத்தது. இப்போது அங்கே இயற்கைக் கல்வி மையம் இயங்குகிறது. பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து, பூச்சி முதல் பறவை வரை பார்த்துத் திரும்பலாம். சிறுத்தைகள் வாழும் காடு அது. அதைச் சுற்றி லட்சக்கணக்கான மக்கள் வாழ்கிறார்கள். அந்தச் சிறுத்தையின் பழக்கவழக்கம் பக்கத்துக் குடியிருப்புக்குத் தெரிந்திருந்தால் பயம் குறையும், மோதலும் குறையும். இங்கே கல்வி என்பது பொழுதுபோக்கு அல்ல, பாதுகாப்பு.

அதே 1983-ல்தான் தாராவி ஓரத்துக் குப்பைமேட்டில் சாலிம் அலி மரக்கன்றை நட்டார். காப்பாற்ற அங்கே அரிய பறவை எதுவும் இல்லை. இருந்தது குப்பையும், அழுக்கு ஆறும், கரையோரம் கொஞ்சம் அலையாத்தி மரங்களும், பக்கத்தில் மக்களும்தான்.

தாராவியில் தமிழர்களுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. திருநெல்வேலிப் பக்கமிருந்து போய், தோல் பதனிடும் தொழிலில் சேர்ந்து, தலைமுறைகளாக அங்கேயே வாழும் குடும்பங்கள் ஏராளம். சென்னையில் இருப்பவர் கிண்டிக்கும் பள்ளிக்கரணைக்கும் போவதுபோல, தாராவியில் வளரும் ஒரு பிள்ளைக்குப் போய்ப் பார்க்க ஒரு காடு வேண்டாமா? ஊருக்கு வெளியே காடு இருக்கிறது என்று சொன்னால், அதற்குப் பயணச் செலவு யார் கொடுப்பது?

1985-ல் சாலிம் அலி மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20-ம் தேதி, 90 வயதில், மும்பையில் காலமானார். நட்ட கன்று காடாவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1994-ல், பூமி தினத்தன்று பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அவர் பெயரில் இன்று என்ன இருக்கிறது?

கோவை ஆனைக்கட்டியில் 1990-ல் தொடங்கப்பட்ட பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் சாலிம் அலியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் முதல் இயக்குநர், பரத்பூர் ஆய்வை நடத்திய அதே விஜயன். கேரளாவின் தட்டேக்காடு, கோவாவின் சோராவ் தீவு ஆகிய இடங்களில் உள்ள பறவைகள் சரணாலயங்களுக்கும் அவர் பெயர்தான்.

பறவைகளோடு மட்டும் அவர் பெயர் நிற்கவில்லை. தேனி மாவட்டத்தின் மேகமலைப் பகுதியில் 1948-ல் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், புதிய இனம் என்று 1972-ல் உறுதியானது. அதற்கும் சாலிம் அலியின் பெயரையே வைத்தார்கள்.

ஆனால் அவர் விட்டுப்போனதில் பெரியது, பெயர்ப் பலகைகளில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் பைனாகுலரோடு நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏழாம் வகுப்புப் பையன் என்று எல்லோரும் இருப்பார்கள். முக்கால்வாசிப் பேருக்கு விலங்கியல் பட்டம் கிடையாது. அது இல்லாததால் வேலை மறுக்கப்பட்ட ஒருவர்தான் அவர்களுக்கு முன்னோடி.

ஏரிக்குள் கட்டட இடிபாட்டைக் கொட்ட லாரி வரும்போது முதலில் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் இவர்கள்தான். அங்கே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். எந்த மாதத்தில் எந்தப் பறவை வரும், எத்தனை வரும், எங்கே முட்டையிடும் என்று அவர்களின் குறிப்பேட்டில் இருக்கும். பெயர் தெரியாத ஒன்று காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. பெயர் தெரிந்த ஒன்று வரவில்லை என்றால் தேடுவார்கள்.

தாராவி ஓரத்துப் பூங்காவில் இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து மரங்களுக்கு நடுவே நடத்திக் காட்டுகிறார்கள். கிளையில் ஏதாவது அசைந்தால் வரிசை நின்றுவிடும். அது என்ன பறவை என்று ஒரு பிள்ளை கேட்கும். கூட வந்தவர் சொல்வார். நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, கையில் ஒரு குருவியோடு வந்து நின்ற பையன் கேட்டதும் இதே கேள்விதான்.